மேற்குப் பக்கத்துக் கண்ணாடி

எஸ்தரின் வேலை, கண்ணாடி சொன்னபடி கேட்கிறதா என்று பார்ப்பது.

பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த ஆம்பல் டவரில் சுவர் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. தரையிலிருந்து முப்பதாவது மாடி வரை கண்ணாடிதான். பன்னிரண்டாம் மாடியில், லிஃப்டுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்து, அந்தக் கண்ணாடிகளை எல்லாம் அவள் திரையில் கவனித்துக்கொண்டிருப்பாள். நாகர்கோவிலிலிருந்து பொறியியல் படிக்க வந்தவள், அப்படியே சென்னையில் தங்கிவிட்டாள். கணவன் மஸ்கட்டில். மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட். வேலையில் சேர்ந்தபோது இருந்த உற்சாகம் எப்போது கழன்று விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. பதினெட்டாம் மாடியில் குளிர்கிறது என்பார்கள். கொஞ்சம் மாற்றி வைத்தால் பத்தொன்பதில் புழுங்குகிறது என்பார்கள். நாள் முழுக்க அதற்குப் பதில் சொல்லிவிட்டு வீடு திரும்பினால், மஸ்கட்டிலிருந்து வரும் அழைப்பைக்கூட எடுக்கத் தோன்றாது.

ஏப்ரல் பிறந்தால் நாற்பத்தைந்து டிகிரி என்பது செய்தியாகக்கூட வராத காலம் அது. மின்சாரத்துக்கு ரேஷன் வந்துவிட்டது. பெரிய கட்டிடங்களுக்கெல்லாம் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு. மீறினால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். அதனால் ஏசியை நம்பி யாரும் கட்டிடம் கட்டவில்லை. கண்ணாடியை நம்பித்தான் கட்டினார்கள்.

ஆம்பல் டவரின் கண்ணாடி மூன்று அடுக்கு. வெளியே இருப்பது உலையில் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்துக் கெட்டிப்படுத்தியது. உள்ளே இருப்பது நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது, உடைந்தாலும் உதிராது. இரண்டுக்கும் இடையில் காற்றே இல்லாத வெற்றிடம், அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். வெளிச்சத்தை உள்ளே விடும், சூட்டை விடாது. சத்தத்தையும் விடாது. சாலையில் லாரி ஹாரன் அடித்தால், உள்ளே இருப்பவர்களுக்கு லாரி போவது மட்டும்தான் தெரியும். அந்தக் கண்ணாடிகளைத் திறக்க முடியாது. கைப்பிடி, கொக்கி எதுவும் கிடையாது. குளிர்ந்த காற்று துளிகூட வெளியே போய்விடக் கூடாது என்பதுதான் அதன் மொத்தத் தத்துவம்.

எஸ்தரின் அறையைக் கூட்டித் துடைக்க தனகோடி வருவாள். ஐம்பது வயதிருக்கும். நீல நிறச் சீருடை, அதற்கு மேல் ஒரு துப்பட்டா. வேலையில் சுறுசுறுப்பு, பேச்சில் சிக்கனம். அவள் ஒரு நாள் மதியம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, திரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"மேடம், இந்தக் கண்ணாடி சூட்ட உள்ள வுடாதுன்றாங்களே. அப்போ அது எங்க போவுது?"

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. உள்ளே எவ்வளவு குளிர் என்றுதான் கேட்பார்கள்.

"வெளியே திருப்பி அனுப்பிடும்க்கா."

"வெளியேன்னா?"

"ரெண்டு விதமா அனுப்பலாம். நடுவுல இருக்கிற படலத்துக்கு மின்சாரம் குடுத்தா சூட்ட மேல வானத்துக்குத் திருப்பிடும். குடுக்காம விட்டா, சாதாரணக் கண்ணாடி மாதிரி வந்த சாய்வுலயே கீழ தள்ளும்."

"இப்போ எப்படி?"

"காலையில வானத்துக்கு. மதியத்துக்கு மேல ஏசிக்கே மின்சாரம் பத்தாது. அதனால கீழதான்."

தனகோடி ஜன்னலருகே போய் நின்றாள். அழகுக்காக ஆம்பல் டவரின் மேற்கு முகத்தைக் கிண்ணத்தின் உட்புறம்போல லேசாக வளைத்துக் கட்டியிருந்தார்கள். அந்த வளைவுக்கு நேர் எதிரே, ஒரு பாழடைந்த குட்டையைத் தாண்டி, கால்வாய் ஓரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்காகக் கட்டிய நான்கு மாடி பிளாக்குகள் வரிசையாக நின்றன.

"ரெண்டாவது பிளாக்கு. மூணாவது மாடியில ஊதா துணி ஒண்ணு தொங்குது பாருங்க. அதான் எங்க வூடு," என்றாள் தனகோடி. "மதியம் மூணு மணிக்கு எங்களுக்கு ரெண்டு சூரியன் மேடம். ஒண்ணு மேல. இன்னொண்ணு இங்கருந்து."

அவள் குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை வரை எஸ்தருக்கு வேலை ஓடவில்லை. அந்த ஊதாத் துணி தினமும் அவள் பார்வையில் பட்டுக்கொண்டிருந்ததுதான். அதற்குப் பின்னால் ஆள் இருப்பார்கள் என்பதும் தெரியாத விஷயம் அல்ல. தெரிந்ததைப் பற்றி யோசிக்காமல் இருப்பது ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து, அவள் தனகோடியின் வீட்டுக்குப் போனாள். தனகோடிக்கு ஆச்சரியம். உட்காரச் சொல்ல ஒரு நாற்காலிதான் இருந்தது. ஒரே அறை, ஒரு அடுப்படி. கிழக்கே பார்த்த ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கியது. கட்டிலில் அவள் கணவர் பரமசிவம் படுத்திருந்தார். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கச் செயலற்றுப் போய்விட்டது. பேச்சு மட்டும் கொஞ்சம் குழறலோடு மீண்டிருந்தது.

"இன்ஜின் பக்கத்துலயே முப்பது வருஷம் உக்காந்தவன் நானு. சூடு எனக்குப் புதுசா?" என்றார் பரமசிவம். "ஆனா லாரின்னா ஓடும். காத்து வரும். இந்தக் கட்டில் ஓட மாட்டேங்குதே."

பக்கத்து வீட்டு சம்பூரணமும் அங்கே இருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள், தனியாள். தனகோடி வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பரமசிவத்துக்குத் தண்ணீர் கொடுக்கவும், புரட்டிப் படுக்கவைக்கவும் அவள்தான் வந்து இருப்பாள். "என் வூட்ல மட்டும் ஊட்டியா இருக்குது? அங்க தனியா வேவறதுக்கு இங்க வந்து வெந்தா பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு இருக்குதில்ல," என்று சிரித்தாள்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது வந்தது. முதலில் ஜன்னல் சாக்கின் ஓட்டைகள் வழியாக வெள்ளைப் புள்ளிகள் தரையில் விழுந்தன. பிறகு அறையின் நிறமே மாறியது. சாக்கிலிருந்து ஆவி கிளம்பும் வாசனை. மின்விசிறி சுற்றியது, ஆனால் அது அடுப்பின் முன்னால் ஊதுவதுபோல இருந்தது. எஸ்தர் எழுந்து சுவரில் கை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள்.

"சாயங்காலம் வந்து தொட்டுப் பாருங்க மேடம்," என்றாள் தனகோடி. "அப்பவும் இப்படித்தான் இருக்கும். ராத்திரியெல்லாம் செவுரு அத்த வெச்சிக்கினு கக்கும்."

சம்பூரணம் ஈரத் துணியைப் பிழிந்து பரமசிவத்தின் நெற்றியில் போட்டாள். இன்னொன்றைப் பிழிந்து எஸ்தரிடம் நீட்டினாள். "கழுத்துல போட்டுக்கம்மா. நீ பழக்கமில்லாதவ."

மறுநாள் காலை எஸ்தர் பத்ரிநாத்தின் அறைக்குப் போனாள். கட்டிட நிர்வாகம் முழுவதும் அவர் பொறுப்பு. மேஜை மேல் நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டையை எப்போதும் வைத்திருக்கும் மனிதர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நம்ம கட்டிடம் வெளியே விடுற சூடு விதிக்குள்ளதானே இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்கு சார். ஆனா விதிப்படி காத்தோட சூட்டைத்தான் அளக்கிறோம். கருவி தரையில, வேப்ப மரத்து நிழல்ல நிக்குது. சூடு விழுறது மூணாவது மாடிச் சுவத்துல."

"கருவியை அங்க வைக்கச் சொன்னது யாரு?"

"விதியிலயே அப்படித்தான் இருக்கு. நிழல்ல வைக்கணும்னு."

"அப்புறம் என்ன?"

"மதியத்துலயும் வானத்துக்குத் திருப்பலாம் சார். மேற்குப் பக்கத்தை மட்டும்."

பத்ரிநாத் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "அதுக்கு எவ்வளவு மின்சாரம் ஆகும்னு உங்களுக்கே தெரியும் எஸ்தர். வரம்பு ஒண்ணுதான். அங்க குடுத்தா இங்க எடுக்கணும். மேல இருக்கிற ஒவ்வொரு கம்பெனிக்கும் இருபத்துநாலு டிகிரின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம். அரை டிகிரி ஏறினா போன் அடிக்கிறாங்க. நீங்கதானே எடுக்கறீங்க அந்த போனை?"

"அந்த வீட்டுக்குப் போய் உக்காந்து பாத்தேன் சார்."

"போயிருக்க வேண்டாம்," என்றார் அவர். கடுமையாகச் சொல்லவில்லை. அக்கறையோடு சொன்னதுபோலவே இருந்தது. "நான் கீழ பாத்துக் கை விரிக்கிறேன், எனக்கு மேல நாலு பேர் என்னைப் பாத்துக் கை விரிக்கிறாங்க. ஜூன் பாதிக்கு மேல மழை வந்துடும். அதுவரைக்கும் சமாளிக்கச் சொல்லுங்க."

எஸ்தர் வெளியே வந்தாள். எதிர்த்துப் பேசியிருக்கலாம். மேலிடத்துக்கு எழுதியிருக்கலாம். அன்று பகல் முழுக்கப் பத்தொன்பதாம் மாடிக்காரர்கள் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். மாலையில் பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது, நாளை யோசிக்கலாம் என்று நினைத்தாள். அடுத்த நாளும் அப்படியே நினைத்தாள். தனகோடி அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அறையைத் துடைப்பாள், போவாள். அவள் கேட்காமல் இருந்தது எஸ்தருக்கு ஒரு வகையில் வசதியாகத்தான் இருந்தது.

மே மாதத்தின் மோசமான வாரம் ஒன்றில் அது நடந்தது.

மதியம் நாலு மணி இருக்கும். தரைத்தளத்தில் ஒரு கண்ணாடி சரியாக வேலை செய்யவில்லை என்று எஸ்தர் கீழே வந்திருந்தாள். வரவேற்புக் கூடத்தில் தனகோடி பளிங்குத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரிய கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் ஓடி வருவதை முதலில் பார்த்தது காவலாளிதான். அவர் கதவைப் பூட்டினார்.

ஐம்பது, அறுபது பேர் இருப்பார்கள். ஆண்களும் பெண்களும். ஒருவன் கையை ஓங்கினான். கல் கண்ணாடியில் பட்டது தெரிந்தது. சத்தம் வரவில்லை. கல் பந்துபோலத் திரும்பிப் போய் எறிந்தவன் காலடியிலேயே விழுந்தது. இன்னொருவன் பெரிய கருங்கல்லைத் தூக்கி எறிந்தான். அதுவும் அப்படியே. திரும்பி வந்த ஒரு கல் ஒருவனின் புருவத்தைக் கிழித்தது. அவன் முகத்தில் ரத்தம் வழிந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அவர்கள் எல்லோருடைய வாயும் திறந்து திறந்து மூடியது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. கூடத்துக்குள் மெல்லிய வாத்திய இசை ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்டிலிருந்து வெளியே வந்தவர்கள் காப்பிக் கோப்பையோடு நின்று, மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னக்கா சொல்றாங்க?" என்று எஸ்தர் கேட்டாள்.

தனகோடி துடைப்பத்தைப் பிடித்தபடி கண்ணாடியை நோக்கி நடந்தாள். "எங்க பிளாக்கு ஆளுங்க மேடம்... அது கீழ் வூட்டு ஏகாம்பரம். அது ஜரினா..." என்று முணுமுணுத்தாள். வெளியே இருந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டார்கள். ஜரினா என்ற அந்தப் பெண் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அறைந்தாள். தனகோடியைச் சுட்டிக் காட்டினாள். பிறகு திரும்பி இரண்டாவது பிளாக்கைக் காட்டினாள். மறுபடி தனகோடியை. தலையில் அடித்துக்கொண்டாள்.

துடைப்பம் தரையில் விழுந்தது.

"எங்கூட்டுக்காரரு," என்றாள் தனகோடி. "மேடம், எங்கூட்டுக்காரரு போய்ட்டாரு."

காவலாளி கதவைத் திறக்க மறுத்தார். எஸ்தர் தன் அடையாள அட்டையைக் காட்டி, பின்பக்கச் சரக்கு வாசல் வழியாக அவளை இழுத்துக்கொண்டு ஓடினாள். வெளியே கால் வைத்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. அதோடு கூடவே அத்தனை சத்தமும். அழுகை, வசவு, கல் விழும் ஓசை எல்லாம் ஒரே நேரத்தில் காதில் பாய்ந்தன. குட்டைக் கரை வழியாக இருவரும் ஓடினார்கள். தனகோடியின் ரப்பர் செருப்பு அறுந்து ஒரு பக்கம் கிடந்தது. அவள் நிற்கவில்லை.

மூன்றாவது மாடி வராந்தாவில் கூட்டம் விலகி வழி விட்டது.

பரமசிவம் கட்டிலில் கண்களைத் திறந்தபடி இருந்தார். உயிரோடு. கட்டிலுக்குக் கீழே, தரையில், ஒரு கையைத் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் நீட்டியபடி சம்பூரணம் கிடந்தாள். யாரோ அவள் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

"தண்ணி மொண்டுக்கினு வரேன்னு எந்திரிச்சா," என்றார் பரமசிவம். குழறலில் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "தல சுத்துதுண்ணான்னு சொன்னா. வுழுந்துட்டா. நான் கத்தினேன் தனம். கத்திக்கினே இருந்தேன். எனக்குக் கை எட்டல. இதோ, இவ்ளோ தூரம்தான். எட்டல."

இடது கையை நீட்டிக் காட்டினார். தனகோடி அந்தக் கையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். தன் கணவர் பிழைத்ததற்கும் சேர்த்து அழுகிறாள் என்று எஸ்தருக்குப் புரிந்தது. அப்படி அழ நேர்ந்ததற்காகவும் தனகோடி அழுதாள்.

எதிரே, ஜன்னல் வழியாக, ஆம்பல் டவரின் மேற்கு முகம் ஒரு துண்டு நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது.

கல் எறிந்த நான்கு பேரைப் போலீஸ் பிடித்துப் போனது. கண்ணாடிக்குச் சேதம் ஏதும் இல்லாததால் மறுநாள் விட்டுவிட்டார்கள். பத்திரிகைகளில் சின்னதாகச் செய்தி வந்தது. பிளாக்குகளில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து மனு கொடுத்தார்கள். கட்டிடங்களின் வெப்பம் பற்றிய வழக்குகளை விசாரிக்கவென்றே ஒரு தீர்ப்பாயம் இருந்தது. அங்கே ஆம்பல் டவர் தரப்பில் பதில் சொல்ல எஸ்தரைத்தான் அனுப்பினார் பத்ரிநாத்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க," என்றார். "அளவு மீறலைன்னு சொன்னா போதும். அது உண்மைதானே?"

"உண்மைதான் சார்."

விசாரணை நடத்தியவர் ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு அதிகாரி. அன்று அது அவருக்கு ஏழாவதோ எட்டாவதோ வழக்கு. நிமிராமலே கேட்டார்.

"உங்க கருவி காட்டின அளவு அனுமதிச்ச வரம்பைத் தாண்டியிருக்கா?"

"இல்லை சார்."

"அவ்வளவுதானா?"

எஸ்தர் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே தனகோடி உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியும். பக்கத்தில் கம்பெனி வக்கீல் வழக்குக் கோப்பை மூடத் தொடங்கிவிட்டார். தலையாட்டிவிட்டு இறங்கிவிடலாம். நாளைக்கு வழக்கம்போல வேலைக்குப் போகலாம். அவளுக்கு அசதியாக இருந்தது. ஆனால் எத்தனை நாள் தூங்கினாலும் இந்த அசதி தீரப்போவதில்லை என்பதும் தெரிந்தது.

"இல்லை சார், இன்னும் இருக்கு," என்றாள். "விதி காத்தை அளக்கச் சொல்லுது. எங்க கண்ணாடி சூட்டைக் காத்துல விடலை, நேரா சுவத்துல அடிக்குது. மேற்கு முகம் வளைஞ்சு இருக்கிறதால ஒரே இடத்துல குவியுது. அந்தச் சுவத்துக்குப் பின்னாடி மனுஷங்க இருக்காங்க. சுவத்துல கை வச்சுப் பாத்தேன், என்னால வச்சிருக்க முடியலை. இதை வானத்துக்குத் திருப்ப முடியும். கண்ணாடியிலயே அந்த வசதி இருக்கு. நாங்க திருப்பலை."

அதிகாரி இப்போது நிமிர்ந்தார். "ஏன் திருப்பலை?"

"உள்ளே சூடாகும்னு சார்."

அவர் வெகுநேரம் எழுதினார். பத்து நாளில் உத்தரவு வந்தது. ஏப்ரல் முதல் மழை தொடங்கும் வரை, மதியம் முழுவதும், ஆம்பல் டவரின் மேற்குக் கண்ணாடிகள் சூட்டை வானத்துக்கு மட்டுமே அனுப்ப வேண்டும்.

உத்தரவு வந்த அன்று பத்ரிநாத் அவளை அழைத்தார். அவள் வேலை போய்விடும் என்றுதான் நினைத்துப் போனாள். கைப்பையில் தன் டிபன் டப்பாவைக்கூட எடுத்து வைத்துக்கொண்டாள்.

"உங்களை அனுப்பிட்டு அந்தத் திரையை யாருகிட்ட குடுக்கிறது?" என்றார் அவர். "உக்காருங்க. உத்தரவை நிறைவேத்தணும். மேற்குப் பக்கத்துக்கு மின்சாரம் குடுக்கணும்னா வேற எங்கயாவது எடுக்கணும். எங்கேன்னு நீங்களே சொல்லுங்க."

"எல்லா மாடியிலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கலாம் சார். ஒரு டிகிரி கூடப் போகும். அவ்வளவுதான்."

"மூணாவது மாடியிலருந்து மேல எல்லாருக்கும் ஒப்பந்தம் இருக்கு. ஒரு டிகிரி ஏறினா காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க."

"அப்போ?"

"கீழ ரெண்டு மாடிக்கு ஒப்பந்தம் கிடையாது." அவர் மாத்திரை அட்டையை விரல்களுக்கிடையில் திருப்பிக்கொண்டிருந்தார். "அங்க யாரும் வாடகைக்கு இல்லை. சமையல்கூடம், துணி வெளுக்கிற இடம், துப்புரவு ஆட்கள் தங்கற அறை. அவ்வளவுதான்."

எஸ்தர் அவரைப் பார்த்தாள். அவர் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

"என்னால அதைச் செய்ய முடியாது சார்."

"முடியாதுன்னா சரி. நான் செய்யறேன். எந்தப் பொத்தான்னு மட்டும் காட்டுங்க. மேற்குப் பக்கத்துக்கு மின்சாரம் போகலைன்னா நாளைக்கு மறுபடியும் எதிர் பிளாக்குல அந்த மூணாவது மாடிதான் வேகும். எது வேணும்னு சொல்லுங்க."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பன்னிரண்டாம் மாடிக்குப் போனாள். தானே செய்தாள். கீழ் இரண்டு தளங்களின் குளிர்காற்று நின்றது. மதியம் மூன்று மணிக்கு ஜன்னலருகே போய் நின்றாள். குட்டைக்கு அந்தப் பக்கம் பிளாக்குகள் மங்கிய மஞ்சளாக, ஊரிலுள்ள மற்ற கட்டிடங்களைப் போலவே, சாதாரண வெயிலில் நின்றன. இரண்டாவது சூரியன் இல்லை. மொட்டை மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு தனகோடியைச் சந்திப்பதை அவள் தவிர்த்தாள். தனகோடி துடைக்க வரும் நேரத்தில் வேறு மாடிக்குப் போய்விடுவாள். அப்படியே இரண்டு வாரம் ஓடியது. மழை இன்னும் வரவில்லை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு லிஃப்டில் கீழே இறங்கினாள். ஏன் அன்றைக்கு என்று அவளிடம் காரணம் எதுவும் இல்லை.

முதல் தளத்தின் கதவு திறந்ததும் சூடு மேலே கவிந்தது. சமையல்கூடத்து ஆவியும், துணி வெளுக்கும் எந்திரங்களின் ஈரப்பதமும் போக இடமில்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தன. கண்ணாடிச் சுவர் முழுக்க உள்பக்கமாக வியர்த்திருந்தது. துப்புரவு ஆட்களின் அறையில் எட்டுப் பத்துப் பேர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய சீருடையும் முதுகோடு ஒட்டியிருந்தது. ஒருத்தி அட்டைப் பெட்டி மூடியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம்," என்றாள் தனகோடி. நகர்ந்து இடம் விட்டாள். "இன்னா, ஆளையே காணோம்?"

எஸ்தர் உட்கார்ந்தாள். "அண்ணன் எப்படி இருக்காரு?"

தனகோடியின் முகம் விரிந்தது. துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அத்த ஏன் கேக்குற! நேத்து ஜரினா பாத்துக்கினு இருந்தா. மத்தியானம் நல்லாத் தூங்கினாராம். எந்திரிச்சதும் இன்னா கேட்டாராம் தெரியுமா? போர்வை. இந்த வெயில்ல எங்கூட்டுக்காரருக்குக் குளிருதாம்! வேணும்னே பண்றாரு மேடம், கொழுப்பு."

மற்ற பெண்களும் சிரித்தார்கள். எஸ்தர் சிரிக்க முயன்றாள்.

"தனகோடிக்கா, இங்க காத்தை நிறுத்தினது நான்தான்," என்றாள். "அங்க குடுக்கணும்னா இங்க எடுக்கணும்னாங்க. வேற எங்கயும் எடுக்க விடலை."

"தெரியும்," என்றாள் தனகோடி.

"தெரியுமா?"

"மேஸ்திரி சொன்னாரு. தெரியாம இன்னா மேடம், எங்க எது கம்மியானாலும் கடைசியில எங்களாண்டதான் வந்து நிக்கும்." தன் டப்பாவைத் திறந்தாள். புளிச்சோறும் அப்பளமும் இருந்தன. பாதியை மூடியில் எடுத்து எஸ்தரின் பக்கம் நகர்த்தினாள். "அவரால எந்திரிச்சி ஓட முடியாது. எனக்குக் காலு இருக்குது. முடியலன்னா மாடிப்படியாண்ட போய் நின்னுக்குவேன். இது பரவால்ல."

அட்டை மூடியால் விசிறிக்கொண்டிருந்தவள் சற்று நிறுத்தி, வியர்த்திருந்த கண்ணாடியைக் கையால் துடைத்தாள். வெளியே வேப்ப மரக் கிளைகள் ஆடுவது தெரிந்தது. கடல் காற்று ஏறிவிட்டிருந்தது. அவள் கண்ணாடியின் ஓரங்களில் விரலால் தடவித் தேடினாள்.

"மேடம், உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. இத்த எப்படித் திறக்கறது?"

"திறக்க முடியாதும்மா," என்றாள் எஸ்தர். "இது திறக்கிற கண்ணாடி இல்லை."

அந்தப் பெண் இன்னும் கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி வுடு. மேடத்துக்கு அந்தத் தண்ணியை எடுத்துக் குடு," என்றாள் தனகோடி. "நீ சாப்புடு மேடம். ஆறிப் போவுது."